ஆசிரியர், டியூஷன் ஆசிரியர், பயிற்சியாளர்: இவர்களை ஒன்றாக உட்கார வைத்துப் பேசுவது எப்படி?

சாட்ஸ்வர்த் கணிதம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் கணிதத் துறைத் தலைவியாக இருக்கிறேன். ஆறாம் வகுப்பு ஒன்றுக்குப் பாடமும் எடுக்கிறேன். எங்கள் பள்ளி ஒரு காலத்தில் இந்தியப் பிள்ளைகளுக்கென்றே இருந்தது. இன்று பெரும்பாலான பிள்ளைகள் உம்லாசியிலிருந்தும் வெல்பெடாக்டிலிருந்தும் விடியுமுன்பே டாக்ஸி பிடித்து வருகிறார்கள். வீட்டில் ஜூலு, வகுப்பில் ஆங்கிலம். ஒரு வகுப்புக்கு நாற்பதுக்கும் மேல்.

அண்மையில் எங்கள் ஆசிரியை ஒருவரின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பாடம் கவனித்தேன். பின்னக் கூட்டல். கரும்பலகையில் கணக்கு, பிள்ளைகள் ஒரே குரலில் விடை, உடனே அடுத்த கணக்கு என்று பாடம் விறுவிறுப்பாகப் போயிற்று. என் பக்கத்தில் இருந்த சிறுமியும் எல்லாரோடும் சேர்ந்து "எட்டில் ஏழு" என்று உரக்கச் சொன்னாள். அவள் நோட்டைப் பார்த்தேன். 3/4 + 1/8 = 4/12 என்று எழுதியிருந்தாள். மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டியிருக்கிறாள். முக்காலோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு மூன்றில் ஒன்றாகக் குறைந்துபோனதே என்ற சந்தேகம் அவளுக்கு வரவில்லை. பின்னம் என்பது ஓர் அளவு என்பதே அவள் மனத்தில் பதியவில்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு நோட்டுகளில் அதே விடை.

பாடம் முடிந்ததும் ஆசிரியை என்னிடம் வந்து முதலில் கேட்டது, "எத்தனை மதிப்பெண் போட்டீர்கள்?" என்றுதான். என் கையில் ஆசிரியர் பணியை மதிப்பிடும் கியூ.எம்.எஸ். படிவம் இருந்தது. அவர் கண் அதில்தான் இருந்தது. அந்த நோட்டுகளைப் பற்றிய பேச்சுக்கு அங்கே இடமே இல்லாமல் போயிற்று. அவர் நல்ல ஆசிரியை. பிள்ளைகள் மேல் உயிரை வைத்திருப்பவர். அதனால்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

இன்னொன்று. அந்தச் சிறுமி மாலையில் டியூஷனுக்கும் போகிறாள். அந்த டியூஷன் ஆசிரியரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கீழ் வகுப்பு ஆசிரியைகளுக்கு உதவ ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வாசிப்புப் பயிற்சியாளர் வருகிறார். அவரும் நானும் வாகனம் நிறுத்துமிடத்தில் வணக்கம் சொல்வதோடு சரி. ஒரே பிள்ளைகளுக்காக இத்தனை பேர் பாடுபடுகிறோம், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது.

மதிப்பெண் இல்லாத பேச்சை எப்படித் தொடங்குவது? டியூஷன் ஆசிரியர்களை எப்படி அழைப்பது? "நேரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்கும் எங்கள் தலைமையாசிரியருக்கு என்ன பதில் சொல்வது? செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.

---

இசிப்பிங்கோ பெரியவர் எழுதியது:

அம்மா, நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் ஆசிரியை படிவத்தைப் பார்த்துப் பயப்படுகிறார் என்றால் அந்தப் பயம் அவரோடு பிறந்ததல்ல. அதற்கு இந்த நாட்டில் நீண்ட வரலாறு இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தியப் பள்ளிகள், நிறவெறி ஆட்சி இந்தியர்களுக்கென்று அமைத்த ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ் என்ற அவையின் நிர்வாகத்தில் இருந்தன. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் ஒரு வாரம் முன்பே நோட்டுகளுக்கு அட்டை போடுவோம், சுவரில் படம் ஒட்டுவோம். அவர் வருவார், பின்னால் உட்காருவார், எழுதுவார், போய்விடுவார். என்ன எழுதினார் என்பது பதவி உயர்வு கிடைக்காதபோதுதான் தெரியும். கறுப்பின மக்களின் பள்ளிகளில் இந்தக் கசப்பு பல மடங்கு. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் பல பள்ளிகளில் ஆசிரியர்கள் இன்ஸ்பெக்டர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். 1990-இல் சாட்டூ என்ற ஆசிரியர் சங்கம் உருவானபோது அந்தக் கோபமும் அதற்குள் இருந்தது. நியாயமான கோபம். நிறவெறி ஆட்சியின் கண்ணாக வகுப்புக்குள் வந்தவரை யார் வரவேற்பார்கள்?

2003-இல் ஐ.கியூ.எம்.எஸ். என்ற ஆசிரியர் மதிப்பீட்டு முறைக்கான ஒப்பந்தம் வந்தது. ஆசிரியரை வளர்ப்பதும் அவருக்குச் சம்பள உயர்வு கொடுப்பதும் ஒரே மதிப்பீட்டில் கலந்துவிட்டன. உதவி கேட்டால் குறை தெரியும், குறை தெரிந்தால் மதிப்பெண் போகும். பிறகு யார் வாய் திறப்பார்கள்? 2020 ஒப்பந்தத்தின்படி கியூ.எம்.எஸ். வந்த பிறகும், படிவத்தோடு ஒருவர் கதவைத் தட்டினால் ஆசிரியருக்கு நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது.

ஆகவே என் யோசனை. படிவத்தோடு போகிற நாளையும் நோட்டோடு பேசுகிற நாளையும் கலக்காதீர்கள். இதைத் துறைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள், சங்கப் பிரதிநிதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள். முதலில் உங்கள் வகுப்புக் கதவைத் திறந்துவிடுங்கள். நீங்கள் பின்னம் நடத்துங்கள், அவர்கள் பின்வரிசையில் உட்காரட்டும். பாடம் முடிந்ததும் உங்கள் பிள்ளைகளின் நோட்டுகளை மேசையில் போட்டு, "இவன் ஏன் இப்படி எழுதினான்?" என்று நீங்களே கேளுங்கள். மேலே இருப்பவர் முதலில் தன்னைக் காட்டினால்தான் மற்றவர்கள் நம்புவார்கள்.

நேரம் பற்றி: பள்ளி நேரத்துக்கு வெளியே ஆண்டுக்கு 80 மணி நேரம் வரை ஆசிரியர்களைத் தொழில் வளர்ச்சிக்கு அழைக்கலாம் என்று பணி நிபந்தனையிலேயே இருக்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் அந்த மணிகள் அரங்கத்தில் உட்கார்ந்து ஸ்லைடு பார்ப்பதில் கரைகின்றன. அதில் ஒரு பங்கை இதற்குக் கேளுங்கள். உங்கள் தலைமையாசிரியரால் மறுக்க முடியாது.

அவருக்கே பேச ஆள் இல்லை என்பதையும் மறவாதீர்கள். தலைமையாசிரியர் நாற்காலி தனிமையானது. 2010-இல் தொடங்கிய பார்ட்னர்ஸ் ஃபார் பாசிபிலிட்டி என்ற திட்டம் ஒரு தலைமையாசிரியரையும் ஒரு தொழில் நிறுவனத் தலைவரையும் இணை சேர்த்து உட்கார்ந்து பேச வைக்கிறது. அது பணம் கொடுக்கும் திட்டமல்ல, கூட உட்கார்ந்து யோசிக்கும் திட்டம். அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

---

வாசிப்புத் தோழி எழுதியது:

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து எழுதுகிறேன். நான் வாசிப்புப் பயிற்சியாளர். மிட்லண்ட்ஸ் பகுதியில் கிராமத்துப் பள்ளிகளுக்குப் போகிறேன். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வகுப்புகள்.

அக்கா, உங்கள் தலைமையாசிரியரிடம் காட்ட ஓர் ஆதாரம் தருகிறேன், நம் நாட்டு ஆதாரம். 2015-இல் வடமேற்கு மாகாணத்தில் 230 பள்ளிகளில் தொடக்க வாசிப்பு ஆய்வு ஒன்று தொடங்கியது. ஒரு பிரிவுப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு மையத்தில் கூட்டிப் பயிற்சி. இன்னொரு பிரிவுக்குப் பயிற்சியாளரே வகுப்புக்கு வந்து பார்த்துப் பேசுவது. பாடக் குறிப்புகளும் வாசிப்புப் புத்தகங்களும் இரு பிரிவுக்கும் ஒன்றுதான். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்தபோது, பயிற்சியாளர் வந்த பள்ளிகளில் கிடைத்த முன்னேற்றம் மையப் பயிற்சியில் கிடைத்ததைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

பிறகு ம்புமலாங்கா மாகாணத்தில் 180 பள்ளிகளில், நேரில் வரும் பயிற்சியாளரையும் தொலைபேசியில் பேசும் பயிற்சியாளரையும் ஒப்பிட்டார்கள். பாடம் ஆங்கிலம். நேரில் வந்தவரால் பிள்ளைகளின் பேச்சும் வாசிப்பும் இரண்டும் உயர்ந்தன. தொலைபேசியில் வந்தவரால் ஆங்கிலப் பேச்சு மட்டும் சற்று உயர்ந்தது, வாசிப்பு அசையவில்லை. வாட்ஸப் குழு ஒன்றைத் தொடங்கிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஏன் அப்படி? என் அனுபவத்தில் காரணம் ஒன்றுதான். வகுப்பில் உட்கார்ந்து பார்த்தவரால் மட்டுமே சரியான கேள்வியைக் கேட்க முடியும். ஒரு பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

இரண்டாம் வகுப்பு. குழு வாசிப்பு: ஆசிரியை ஆறேழு பிள்ளைகளைப் பாயில் உட்கார வைத்து ஒவ்வொருவராக வாசிக்கக் கேட்க வேண்டும், மற்றவர்கள் இருக்கையில் தம் வேலையைச் செய்ய வேண்டும். பாதியிலேயே வகுப்பு சந்தைக் கடையாகிவிட்டது. பாடம் முடிந்து நாங்கள் இருவரும் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்தோம்.

"இந்தக் குழு வாசிப்பு எனக்குச் சரிப்படாது. இவர்கள் அடங்க மாட்டார்கள்" என்றார்.

"சத்தம் எப்போது தொடங்கியது?" என்று கேட்டேன்.

யோசித்தார். "மூன்றாவது பிள்ளை வாசிக்கும்போது."

"அப்போது இருக்கையில் இருந்தவர்கள் எதுவரை எழுதியிருந்தார்கள்?"

எழுந்து போய் நோட்டுகளைப் பார்த்துவிட்டு வந்தார். "எல்லாரும் முடித்துவிட்டார்கள். நான் கொடுத்தது ஐந்தே வாக்கியம்."

அவ்வளவுதான். பிள்ளைகள் அடங்காதவர்கள் அல்ல, அவர்களுக்கு வேலை தீர்ந்துவிட்டது. இதை நான் சொல்லியிருந்தால் அவர் தலையை ஆட்டியிருப்பார், அடுத்த வாரமும் ஐந்து வாக்கியமே கொடுத்திருப்பார். அவரே நோட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தார். எழுதி முடித்தவர்கள் இரண்டிரண்டு பேராக ஒரு புத்தகத்தைச் சேர்ந்து வாசிக்கலாம் என்று இருவருமாக முடிவு செய்தோம். அந்தக் கட்டளையை ஜூலுவில் எப்படிச் சொல்வது என்று அவர் எழுந்து நின்று எனக்குச் சொல்லிக் காட்டினார். நான் பிள்ளையாக உட்கார்ந்து, புரியாத இடத்தில் கை தூக்கினேன். மூன்றாவது முறை சொன்னபோது கட்டளை பாதியாகச் சுருங்கித் தெளிவாக வந்தது. அடுத்த முறை போனபோது அந்த ஒன்றை மட்டும் பார்த்தேன்.

ஒரு சந்திப்பு, ஒரு விஷயம். எட்டுக் குறைகள் கண்ணில் பட்டாலும் ஒன்றைத்தான் எடுப்பேன். உங்கள் ஆசிரியையிடம் நான் எடுப்பது, எல்லாரும் ஒரே குரலில் விடை சொல்லும் பழக்கத்தை. விடை சொல்லுமுன் ஒவ்வொருவரும் சிலேட்டிலோ தாளிலோ எழுதித் தூக்கிக் காட்டட்டும். அந்த 4/12 அப்போதே அவர் கண்ணில் பட்டுவிடும்.

---

பெயர் வேண்டாம் எழுதியது:

மன்னியுங்கள், நான் பின்வரிசையில் உட்காருபவரால் பார்க்கப்படும் பக்கத்தில் இருப்பவன். வேலைக்கு வந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன. எல்லாரும் பேச்சு பேச்சு என்கிறீர்கள். எனக்கு ஒரு நாளில் தனியாகத் தேநீர் குடிக்கவே இடைவேளை கிடைப்பதில்லை. யார் வராவிட்டாலும் அவர் வகுப்பு என் தலையில். ஆண்டுப் பாடத்திட்ட அட்டவணை இந்த வாரம் பின்னம் முடிய வேண்டும் என்கிறது, மாவட்டத்திலிருந்து வருபவர் அதைத்தான் கேட்கிறார். பிள்ளைக்குப் புரியவில்லை என்று நான் கண்டுபிடித்தால் அடுத்து என்ன? நின்று மீண்டும் நடத்த யார் அனுமதிப்பார்கள்? அனுமதி கிடைக்காத இடத்தில் இந்தப் பேச்சு என் குற்ற உணர்ச்சியைத்தான் கூட்டும்.

---

வாசிப்புத் தோழி எழுதியது:

தம்பி சொல்வது முழுக்க உண்மை, இதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. பேச்சின் முடிவில் ஆசிரியருக்கு ஏதாவது கையில் கிடைக்க வேண்டும்: ஒரு பாட வேளை, ஒரு புத்தகக் கட்டு, அட்டவணையில் இரண்டு நாள் தள்ளிப்போக ஓர் அனுமதி. அதைக் கொடுக்கும் அதிகாரம் துறைத் தலைவருக்கு உண்டு. அக்கா, உங்கள் முதல் கூட்டத்தில் இந்தக் கேள்வி வரும். பதிலோடு போங்கள். 2021-இல் நடந்த பிர்ல்ஸ் என்ற பன்னாட்டு வாசிப்பு ஆய்வில் நம் நாட்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினரால் பொருள் புரிந்து வாசிக்க முடியவில்லை என்று தெரிந்த பிறகும் அட்டவணை முடிந்ததா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

---

ஃபீனிக்ஸ் டியூஷன் எழுதியது:

டியூஷன் ஆசிரியர்களை எப்படி அழைப்பது என்று கேட்டிருந்தீர்கள். மனத்துக்கு நிறைவாக இருந்தது. நான் ஃபீனிக்ஸில் வீட்டு கராஜில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். கொடுக்க முடிந்தவர்கள் கட்டணம் கொடுக்கிறார்கள், முடியாதவர்களும் வருகிறார்கள்.

பள்ளி ஆசிரியர்கள் எங்களைக் குறுக்கு வழி சொல்லிக் கொடுப்பவர்கள் என்று நினைக்கிறார்கள். நாங்கள் அவர்களைப் பாடம் நடத்தாதவர்கள் என்று நினைக்கிறோம். இரண்டையும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் வரும் பையன் ஒருவன் அதே மாதிரிக் கணக்குக்கு 28/32 என்று எழுதியிருந்தான். பள்ளி நோட்டில் தவறு என்று சிவப்பு மையில் பெருக்கல் குறி. அவன் செய்தது நான் கற்பித்த குறுக்குப் பெருக்கல்: மூன்றெட்டு இருபத்துநான்கு, அதோடு ஒருநான்கு நான்கு, கீழே நாலெட்டு முப்பத்திரண்டு. சுருக்கினால் 7/8 தானே! விடை தவறல்ல. பையன் முடிவு கட்டிவிட்டான், "டீச்சருக்கு உங்கள் வழி தெரியாது" என்று. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் அவன் பள்ளியில் காதையே மூடிக்கொண்டிருப்பான்.

அவன் அம்மாவிடம் கேட்டு, ஆசிரியைக்குத் தாளில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஆறாம் வகுப்பில் ஒரு பின்னத்தின் கீழ் எண் மற்றதன் கீழ் எண்ணுக்கு மடங்காக வரும் பின்னங்கள்தான் பாடம், அதனால் 3/4-ஐ 6/8 ஆக்கிக் கூட்டுவதைக் கற்பிக்கிறேன், பின்னம் மாறாமல் பெயர் மட்டும் மாறுகிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்காகக் காகிதப் பட்டையை மடித்துக் காட்டுகிறேன் என்று விளக்கினார். அது சரி என்று எனக்கும் பட்டது. பெரிய எண்களில் மாட்டிக்கொள்ளும் என் வழியை விட அது நல்ல வழி. நான் பதிலுக்கு அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னேன்: உங்கள் வகுப்பிலிருந்து என்னிடம் வருபவர்களில் பலருக்கு எட்டாம் வாய்ப்பாடு ஆறெட்டோடு நின்றுவிடுகிறது, சமான பின்னம் தேடும்போது அங்கேதான் விழுகிறார்கள். அவருக்கு நாற்பது பேர், எனக்கு ஆறு பேர். வாய்விட்டு வாய்ப்பாடு சொல்லக் கேட்கும் வசதி எனக்குத்தான் இருக்கிறது.

இப்போது பள்ளியில் எந்த வழியோ அந்த வழிதான் என் கராஜிலும். என் வேலை வாய்ப்பாட்டைப் பலப்படுத்துவது. அழைத்தால் நிச்சயம் வருவோம் அம்மா. அழைப்பு மட்டும் பள்ளியிலிருந்து வர வேண்டும். நாங்களாக வாசலில் வந்து நின்றால் பிள்ளை பிடிக்க வந்ததாக நினைப்பார்கள்.

டியூஷனுக்குப் போக வழியில்லாத பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் தொடங்கிய இளைஞர் வேலைத் திட்டத்தில் பள்ளிகளுக்கு உதவியாளர்கள் வந்தார்களே, அவர்களில் பலர் ஒளிநகல் எடுப்பதிலும் வாசலில் நிற்பதிலும் காலத்தைக் கழித்தார்கள். அப்படி ஓர் இளைஞர் உங்களிடம் இருந்தால் அவரையும் அந்த மேசைக்குக் கூப்பிடுங்கள். வாய்ப்பாடு கேட்க அவர் போதும்.

---

மைதானம் எழுதியது:

அக்கா, பயிற்சியாளர் என்று தலைப்பில் பார்த்து உள்ளே வந்தேன், நான் பள்ளிப் பையன்களுக்குக் கால்பந்து பயிற்சி கொடுப்பவன். சுருக்கமாகச் சொல்கிறேன். யார் காலையில் சாப்பிடாமல் வருகிறான், யாருக்குத் தூரத்துப் பந்து தெரியவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு பையன் உயரப் பந்தை எப்போதும் தவற விட்டான். கண்ணைச் சோதிக்கச் சொன்னேன். கண்ணாடி போட்ட பிறகுதான் அவனுக்குக் கரும்பலகையே தெரிந்ததாம். வகுப்பாசிரியர் அவனைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தார். எங்களையும் மாதம் ஒரு முறை கேளுங்கள்.

---

சாட்ஸ்வர்த் கணிதம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பெரியவர் சொன்னபடி என் வகுப்பைத் திறப்பதாகத் துறைக் கூட்டத்தில் அறிவித்துவிட்டேன். புதன்கிழமை பிற்பகல், பிள்ளைகள் போன பிறகு, நாற்பது நிமிடம். படிவம் அறைக்குள் வராது என்று சங்கப் பிரதிநிதி முன்னிலையில் சொன்னேன். நான் பாடம் கவனித்த அந்த ஆசிரியைதான் முதலில் தன் நோட்டுக் கட்டைக் கொண்டுவருவதாகச் சொன்னார். பெயர் வேண்டாம் என்ற தம்பிக்கு: பின்னத்துக்கு இன்னும் மூன்று பாட வேளை தருகிறேன் என்று எங்கள் ஆசிரியர்களுக்கு எழுத்திலேயே கொடுத்துவிட்டேன். மாவட்டத்திலிருந்து கேட்டால் பதில் சொல்வது என் பொறுப்பு.

தலைமையாசிரியர் 80 மணி நேரக் கணக்கைக் கேட்டதும் ஒப்புக்கொண்டார். ஆனால் டியூஷன் ஆசிரியர்களை அழைப்பதில் தயங்குகிறார். ஒரு பிள்ளையின் நோட்டை வெளியாளிடம் காட்டினால் போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்கல் வராதா என்கிறார். யாருக்காவது தெரியுமா?

---

இசிப்பிங்கோ பெரியவர் எழுதியது:

அவர் தயக்கம் சரியானதே அம்மா. 2013-இல் நிறைவேறிய அந்தச் சட்டத்தின்படி பிள்ளையின் விவரங்களைப் பகிரப் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். எந்த டியூஷன் ஆசிரியர், எந்தப் பாடம், எதற்காக என்று ஒரு பக்கத் தாள் தயாரித்துக் கையெழுத்து வாங்குங்கள். ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் இருக்கட்டும், பாட்டி வளர்க்கும் பிள்ளைகள் நிறைய. தாள் வந்து சேரும்வரை பெயரை மறைத்து நோட்டுப் பக்கத்தை மட்டும் நகலெடுத்து மேசையில் வையுங்கள், பிழையைப் பற்றிப் பேச பெயர் தேவையில்லை. பள்ளியின் ஆட்சிக் குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே எழுதிவிடுங்கள், தலைமையாசிரியருக்கும் பாதுகாப்பு. பழைய சம்மதத் தாள் மாதிரி ஒன்று என்னிடம் இருக்கிறது, இன்று மாலை தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.